ரயில் பாதையில் நடப்பவரின் பொறுப்பு

ரயில் பாதை வழியே நடப்பதும், கடவை இல்லாத இடத்தில் தண்டவாளத்தைத் தாண்டுவதும், அதில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதும், பாதையோரப் புல்லுக்கு ஆடுமாடுகளை விடுவதும் சட்டத்தின் பார்வையில் அத்துமீறல். இலங்கையில் 1902ஆம் ஆண்டின் புகையிரதக் கட்டளைச் சட்டமும் இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டமும் அனுமதியின்றி ரயில் நிலத்தில் புகுவதைக் குற்றமாக்குகின்றன. இந்தியச் சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து குறுக்குவழியைக் கைவிட்டவர்கள் மிகக் குறைவு. நடப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் நியாயங்கள் வேறு: என் உயிர், என் பாடு; விதி முடிந்தால் வீட்டுக்குள் இருந்தாலும் சாவு வரும்; மாதா காப்பாற்றுவா. இந்த மூன்றையும் சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாக எடைபோட்டு வந்திருக்கின்றன. மூன்றும் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் நானாட்டான் பிரிவில் உள்ள நறுவிலிக்குளத்தின் ஊடாக ரயில் ஓடுவதில்லை. ஊரார் ரயில் ஏற முருங்கனுக்கோ மன்னாருக்கோ போக வேண்டும். இந்த இரண்டு நிலையங்களும் இருக்கும், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 106 கிலோமீட்டர் நீளும் ஒற்றைப் பாதைக்கு இந்தக் கேள்வியில் தனி இடம் உண்டு. 1914இல் தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பலோடு இணைந்து சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகளைக் கொண்டுசென்ற பாதை இது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் அதுவும் நின்றது. 1990இல் போரினால் ரயிலும் நின்றுபோயிற்று. வடக்கின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. போர் முடிந்து கண்ணிவெடிகளை அகற்றிய பின், இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையைப் புதிதாக அமைத்தது. மடு வீதி வரையான 43 கிலோமீட்டர் 2013 மே மாதத்திலும், மிச்சம் 63 கிலோமீட்டர் 2015 மார்ச் 14 அன்றும் திறக்கப்பட்டன. 1990இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது 25 வயது. அந்தத் தலைமுறைக்கு ரயில் பாதை என்பது ரயில் வராத ஒரு மண்மேடு. மழைக்காலத்தில் வயலெல்லாம் வெள்ளமானாலும் காய்ந்து கிடக்கும் மேட்டில் நடப்பதை எவரும் குற்றமாக நினைத்திருக்க முடியாது. நடந்து பழகிய கால்களுக்கு அது ஊர்ப் பாதை. பின்னர் அதன்மேல் ரயில் வந்தது.

ஆபத்து என்ன என்பதை முதலில் சரியாகச் சொல்ல வேண்டும். அறக்கேள்வி அதில்தான் தொங்குகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடக்கும். இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் ஒன்றையொன்று பற்றும் பிடிப்பு, தாரில் ஓடும் டயரின் பிடிப்பைவிட மிகக் குறைவு. குறைந்த விசையில் நூற்றுக்கணக்கான தொன் இழுபடுவதற்கு அதுவே காரணம். அவசரப் பிரேக் போட்டபிறகும் சில நூறு மீட்டர் ஓடித்தான் நிற்பதற்கும் அதுவே காரணம். நூறு கிலோமீட்டர் வேகமானால் அரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும். பஸ்ஸையோ சைக்கிளையோ போலத் திருப்பி விலக்கும் வழி சாரதிக்குக் கிடையாது. பெட்டிகளின் உடல் தண்டவாளத்துக்கு வெளியே இருபுறமும் அரை மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதால், தண்டவாளத்தில் கால் வைக்காமல் ஓரத்து ஜல்லியில் நடப்பவரும் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறார்.

“ரயில் வந்தால் சத்தம் கேட்கும்தானே” என்பது எல்லோரும் நம்பும் காப்பு. முன்னால் நிற்பவருக்கு ரயிலின் இரைச்சல் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பதைவிடக் குறைவாகவே கேட்கும். மன்னாரில் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று ஓயாமல் அடிக்கிறது. பனையோலைகளின் இரைச்சலில் கூப்பிட்ட குரலே நாலு அடியில் கரைந்துபோகும். காற்றை முகத்தில் வாங்கி நடப்பவருக்கு முதுகுப் பக்கமாக வரும் ரயிலின் ஒலி பின்னுக்கே தள்ளப்படும். காதில் இயர்போன் மாட்டியிருந்தால் சொல்லத் தேவையில்லை. கண்ணும் ஏமாற்றும்: நேரே நம்மை நோக்கி வரும் பெரிய உருவம் அது வரும் வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே தெரியும். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோரமாகப் போகும் இரட்டைப் பாதையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு ரயிலுக்கு விலகுபவர் அடுத்த பாதையில் எதிர்த்திசை ரயிலுக்கு முன்னால் போய் நிற்பார்.

இந்தியாவில் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு 2012இல் தந்த அறிக்கை, அந்நாட்டில் தண்டவாளத்தில் அத்துமீறிச் செல்வதால் ஆண்டுதோறும் சுமார் 15,000 பேர் சாவதாகவும், அதில் ஏறத்தாழ 6,000 மும்பைப் புறநகர்ப் பாதைகளில் மட்டும் நேர்வதாகவும் சொன்னது. இவர்களில் பெரும்பாலோர் சாகத் துணிந்தவர்கள் அல்லர். வேலைக்குப் போனவர்கள், பள்ளி விட்டு வந்தவர்கள், தண்ணீர் எடுக்கப் போனவர்கள். நேற்றும் அதற்கு முந்தைய நாளும் ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டுமே இவர்களிடம் இருந்த சான்று.

மன்னார்க் கரையில் கத்தோலிக்கர் மிகுதி. ஆகவே மாதா காப்பாற்றுவா என்ற வாதம் இங்கே வெறும் பேச்சுவழக்கு அல்ல. ஆடி மாதத் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் மடு மாதா திருத்தலத்துக்கு நடந்தே போகும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கடலிலும் காட்டிலும் போரிலும் மாதாவின் கை தங்களைத் தாங்கியது என்பது அவர்கள் பட்டு அறிந்தது. அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. கேள்வி, அந்த நம்பிக்கை எதற்கு உரிமை தருகிறது என்பது.

இதற்கு மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரமே நேரான விடை. அலகை இயேசுவை எருசலேம் ஆலயத்தின் உச்சியில் நிறுத்திக் கீழே குதிக்கச் சொல்கிறது. அதற்கு அது கையாளும் வாதம் பொய் அல்ல; வானதூதர் தாங்கிக்கொள்வர் என்று திருப்பாடலில் உள்ள வாக்குறுதியையே எடுத்துக் காட்டுகிறது. இயேசு அந்த வாக்குறுதியை மறுக்கவில்லை. ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது என்ற மோசேயின் கட்டளையை எடுத்து அதற்கு எல்லை போடுகிறார். கடவுள் காப்பார் என்பது உண்மை. அதைக் காட்டும்படி அவரைக் கட்டாயப்படுத்துவது பாவம். புனித அக்குவினா தோமா 13ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘இறையியல் தொகுப்பு’ நூலில் கடவுளைச் சோதித்தலுக்கென்றே ஒரு தனி வினாவை ஒதுக்கினார். தேவையோ பயனோ இல்லாமல், தன்னால் தவிர்க்கக்கூடிய ஆபத்தில் இறங்கிக் கடவுளின் உதவியை மட்டும் எதிர்பார்ப்பது, வாயால் ஒன்றும் கேட்காவிட்டாலும், கடவுளைச் சோதிப்பதே என்பது அவர் முடிவு. வேறு வழி எதுவும் இல்லாதவர் கடவுளிடம் தம்மை ஒப்படைப்பது சோதனை ஆகாது. ஆக, கேட்கவேண்டியது நம்பிக்கை எவ்வளவு என்பதல்ல, தேவை எவ்வளவு என்பது. வெள்ளத்தில் பாதை அடைபட்டு, நோயாளிக்கு மருந்து வாங்கத் தண்டவாள மேட்டால் ஓடுபவரின் செபம் ஒன்று. ஐந்து நிமிடம் மிச்சம்பிடிக்கச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இறங்குபவரின் செபம் வேறொன்று. அதைச் செபம் என்றே சொல்ல முடியாது.

துணிச்சலுக்கும் விசுவாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை மன்னார்த் தீவு மற்ற இடங்களைவிட ஆழமாக அறிந்திருக்கிறது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் நூற்றுக்கணக்கான புதுக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் நினைவாகத் தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் உள்ளது. தலைமன்னார் ரயில் நிற்கும் நிலையங்களில் தோட்டவெளியும் ஒன்று. அந்த மக்கள் சாவைத் தேடிப் போகவில்லை. விசுவாசத்தை விட மறுத்தபோது சாவு அவர்களிடம் வந்தது. தாமாகச் சென்று சாவுக்குத் தம்மைக் கொடுப்பவரை வேதசாட்சியாகக் கொள்ளக் கூடாது என்பதில் ஆதித் திருச்சபை தொடக்கத்திலிருந்தே கண்டிப்பாக இருந்தது. அதற்கும் முன்னர் அரிஸ்டாட்டில், அஞ்சவேண்டியதற்கு அஞ்சாதவனை வீரன் என்று அழைக்க மறுத்தார். கோழைத்தனம் ஒரு முனை, முரட்டுத் துணிவு மறுமுனை, வீரம் இடையில். திருக்குறளின் அறிவுடைமை அதிகாரமும் அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவதை அறிவாளியின் செயலாகவே வைக்கிறது. தண்டவாளத்தில் நின்று ரயில் நெருங்கும்வரை கைப்பேசியில் படம்பிடிக்கும் இளைஞனுக்கு இந்த மூன்று மரபிலும் இடமில்லை.

புனித நோக்கம் உடலைக் காக்காது என்பதற்கு 2013 ஆகஸ்ட் 19 அன்று பீகாரின் தமாரா காட் நிலையத்தில் நடந்தது துயரமான சான்று. அருகிலிருந்த காத்யாயனி கோயிலுக்கு வந்த பக்தர்கள் பயணிகள் ரயிலிலிருந்து இறங்கித் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, நிற்காமல் போகப் பச்சை விளக்குப் பெற்றிருந்த ராஜ்ய ராணி விரைவு ரயில் வந்துவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018 அக்டோபர் 19 அன்று அமிர்தசரஸில் தசராவுக்கு இராவணன் பொம்மை எரிவதைத் தண்டவாளத்தில் நின்று பார்த்த கூட்டத்தில் ரயில் புகுந்தது. சுமார் 60 பேர் இறந்தனர். பட்டாசுச் சத்தத்தில் ரயில் வந்தது பலருக்கும் கேட்கவில்லை. இவர்கள் கடவுளைச் சோதித்தவர்கள் என்று சொல்வது கொடுமை. கூட்டத்தில் ஒருவராக நின்றவர் இடத்தின் ஆபத்தைத் தாமாக எடைபோட்டிருக்க மாட்டார். அந்த எடைபோடும் கடமை விழாவை நடத்தியவர்களுடையது. யாத்திரை நடத்தும் பங்குகளும் கோயில் சபைகளும் தங்கள் கடமையை இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலிருந்து படித்துக்கொள்ள வேண்டும்.

விதியைச் சொல்பவர்களுக்குச் சைவ சித்தாந்தம் நுட்பமான பதில் வைத்திருக்கிறது. சிவத்தலமான திருக்கேதீச்சரமும் தலைமன்னார்ப் பாதையில் ஒரு நிலையம். சிவராத்திரிக்குப் பாலாவியில் தீர்த்தமாட அடியார் கூட்டமாக வருவர். வினையைச் சைவம் மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இந்தப் பிறவியில் நுகரவேண்டியதாக வந்திருப்பது பிராரத்தம். இப்போது செய்வதால் புதிதாக ஏறுவது ஆகாமியம். விதி என்று மக்கள் சொல்வது பிராரத்தத்தை. ஆனால் கடவை இருக்க, அதை விட்டுத் தண்டவாளத்தில் இறங்கும் முடிவு இன்று, இந்தக் கணத்தில், தெரிந்தே எடுக்கப்படுவது. அது ஆகாமியக் கணக்கில் ஏறும். பிராரத்தம் எது என்பது நுகர்ந்த பின்னரே தெரியும். முன்கூட்டி அதை அறிந்தவர்போல் நடப்பவர் இறைவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கைத் தாம் படித்துவிட்டதாகப் பாவனை செய்கிறார். ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஊழை முன்வைத்து முயற்சியைக் கைவிடுவது அவர் கருத்தல்ல.

மன்னாரின் முஸ்லிம் மக்கள் அறிந்த நபிமொழியும் இதையே வேறு வழியில் சொல்கிறது. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்பவா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பு என்பது நபிகளாரின் அறிவுரையின் பொருள். தம் கையாலேயே தம்மை அழிவுக்குள் போட்டுக்கொள்வதைக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் தடுக்கிறது. தவக்குல், அதாவது இறைவன்மேல் நம்பிக்கை வைத்தல், என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதன்று.

நடப்பவரின் மூன்று நியாயங்களில் மிகக் கடினமானது, கடவுளையும் விதியையும் துணைக்கு அழைக்காத வாதம்: என் உயிர், என் பாடு. 1859இல் வெளிவந்த ‘சுதந்திரம் பற்றி’ நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்கு ஏறத்தாழப் பொருந்தும் உதாரணம் ஒன்றைத் தருகிறார். இடியும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவர் ஏறப் போகிறார். எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுக்கலாம், ஏனெனில் அவர் ஆற்றில் விழ விரும்பவில்லை. ஆனால் ஆபத்து உறுதியில்லாமல் வெறும் சாத்தியமாக இருந்து, அவர் அதை அறிந்தும் போக விரும்பினால், எச்சரிக்கலாமே தவிரத் தடுக்கக் கூடாது. தன்னை மட்டும் பாதிக்கும் செயலில் மனிதன் தனக்குத் தானே அரசன் என்பது மில்லின் கொள்கை. பாலத்துக்கு இது சரி. பாலம் ஒரு மனிதன் அல்ல. ரயிலை ஒரு மனிதன் ஓட்டுகிறான்.

வளைவு தாண்டியதும் நானூறு மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் ஓர் உருவம் தெரிகிறது என்று கொள்வோம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரம் 18 நொடி. சாரதி முதலில் ஹோர்னை அழுத்துவார். பெரும்பாலும் உருவம் விலகும், அவரும் அதையே எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பில் இரண்டு மூன்று நொடி போகும். விலகவில்லை என்று தெரிந்ததும் பிரேக் வால்வை முழுதாகத் திறப்பார். காற்று வெளியேறிக் கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்க இன்னும் சில நொடி. அதன் பிறகு அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கை ஹோர்னில் இருக்கும். கண்ணை மூடினால் மூடலாம். முன்னாலிருப்பவர் பெண்ணா ஆணா, வயது என்ன, திரும்பிப் பார்த்தாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தவிர்க்க முடியாத ஒரு சாவுக்குக் கருவியாகவும் சாட்சியாகவும் ஒரே நேரத்தில் அவர் ஆக்கப்படுகிறார். அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

தன் உயிரைப் பணயம் வைப்பதாக நினைப்பவர் உண்மையில் வைக்கும் பணயத்தில் பாதி இன்னொருவருடையது என்பதே இந்தக் கேள்வியின் மையம். அத்துமீறலின் பாவத்தைச் சொத்துரிமையில் தேடுவது தவறான இடத்தில் தேடுவது. புகையிரதத் திணைக்களத்தின் நிலத்தில் கால்பட்டதால் எவருக்கும் நட்டமில்லை. அந்த நிலத்தில்தான், நிறுத்த முடியாத ஒன்றை ஓட்டுவதற்கு ஒருவர் அமர்த்தப்பட்டிருக்கிறார்; அதனாலேயே அது விலக்கிவைக்கப்பட்ட நிலம். நறுவிலிக்குளத்துத் தகப்பன் மகனிடம் “தண்டவாளத்தில் போகாதே, செத்துப்போவாய்” என்று சொல்வதோடு, “உன்னைக் கொன்றவன் என்ற பாரத்தை யாரோ ஒருவர் தலையில் ஏற்றாதே” என்றும் சொல்லவேண்டும். முன்னதுக்கு அஞ்சாத வயதிலும் பின்னது உறைக்கும். சில வேளை பணயம் இன்னும் விரியும். 2005 ஏப்ரல் 27 அன்று இலங்கையின் யாங்கல்மோதரையில் மூடிய கடவைக்குள் புகுந்த பஸ்ஸில் ரயில் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் இறந்தனர். அவர்களில் எவரும் அந்த முடிவை எடுக்கவில்லை.

குற்றமே செய்யாத சாரதிக்கு ஏன் பாரம் என்று கேட்கலாம். சட்டம் அவரை விடுவிக்கும். புத்த தர்மத்திலும் சேதனை, அதாவது எண்ணம், இல்லாத செயல் கொலைக் கர்மமாகாது. ஆனால் மனம் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. ஆங்கிலேய மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் அறவழி அதிர்ஷ்டம் பற்றி எழுதிய கட்டுரையில், தன் பிழையின்றி ஒரு குழந்தையை மோதிவிட்ட லொறிச் சாரதியை எடுத்துக்கொள்கிறார். அருகில் நின்று பார்த்தவரின் வருத்தமும் அந்தச் சாரதியின் வருத்தமும் ஒன்றல்ல. “உன் பிழை இல்லை” என்று நாம் அவரைத் தேற்றுவோம். தேற்றியதும் அவர் உடனே இயல்பாகிவிட்டால் அவரைப் பற்றி நமக்கே ஐயம் வரும். செய்தவன் என்ற நிலை, குற்றவாளி என்ற நிலையிலிருந்து வேறானது.

மோசேயின் சட்டம் இதைப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. மரம் வெட்டும்போது கோடரித் தலை கழன்று பறந்து அயலானைக் கொன்றுவிட்டால், கொன்றவன் ஓடிச்சென்று தங்குவதற்கு ஆறு அடைக்கல நகர்களை இணைச்சட்ட நூலும் எண்ணிக்கை நூலும் ஒதுக்குகின்றன. இறந்தவனின் உறவினர் கோபத்திலிருந்து அவன் அங்கே காக்கப்படுவான். ஆனால் ஒன்றுமே நடக்காததுபோல் அவன் வீட்டுக்கும் அனுப்பப்படுவதில்லை. தலைமைக் குரு இறக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். குற்றமற்றவன், ஆயினும் ஓர் உயிர் அவன் கைவழியாகப் போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு இது. தமாரா காட் நிலையத்தில் கூட்டம் ரயில் சாரதியைப் பிடித்து அடித்தது. பெட்டிகளுக்குத் தீ வைத்தது. அடைக்கல நகர் எதற்காகத் தேவைப்பட்டது என்பது அங்கே தெரிந்தது.

நடப்பவர்மேல் இவ்வளவு பொறுப்பை ஏற்றிய பின், அதைக் குறைக்கும் காரணங்களையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். முதலாவது, வழக்கம். நீடித்த வழக்கம் சட்டத்தின் வலுவைப் பெறும், சில வேளை சட்டத்தையே நீக்கும் என்று அக்குவினா தோமா ஒப்புக்கொள்கிறார். கால் நூற்றாண்டு நடந்த மேட்டில் ஊருக்கு உரிமை இல்லையா என்ற கேள்வி ஆகவே வெறும் வீம்பு அல்ல. 1990க்கும் 2015க்கும் இடையில் தடைக்குக் காரணமான ரயில் இல்லாததால் தடையும் உறங்கியது. நடந்தவர் எவரும் தவறு செய்யவில்லை. ரயில் திரும்பியபோது காரணமும் திரும்பியது, வழக்கம் அன்றோடு முடிந்தது. ஆனால் வழக்கத்தைப் பறித்தவர்கள் அதற்கு ஈடாக நடைவழியோ கடவையோ தரக் கடமைப்பட்டவர்கள். மக்கள் எங்கே தாண்டுகிறார்கள் என்பது பாதை போடுமுன்பே கண்ணுக்குத் தெரிந்த ஒன்று.

இரண்டாவது, கதியின்மை. 2020 மே 8 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, கர்மாட் என்ற இடத்தில், தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தனர். பொதுமுடக்கத்தில் வேலையிழந்து, மத்தியப் பிரதேசத்திலுள்ள ஊர்களுக்கு நடந்தே திரும்பியவர்கள். பயணிகள் ரயில்கள் நின்றிருந்ததால் பாதை வெறுமையாக இருக்கும் என்று நம்பிக் களைப்பில் படுத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன. இவர்களை அத்துமீறியவர்கள் என்று பதிவேட்டில் எழுதலாம். அறக்கணக்கில் எழுத முடியாது. தேவை சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்ற பழைய நெறி இத்தகையோருக்காகவே உள்ளது. அவர்களை அந்த வழியில் நடக்கவிட்டவர்கள்தான் பதில் சொல்லவேண்டியவர்கள்.

நிலத்துக்கு உரியவரின் கடமையில் சட்டமே மெல்ல மெல்ல மனம் மாறியது. அத்துமீறி வந்தவரிடத்தில் உரிமையாளருக்கு ஏறத்தாழ எந்தக் கடமையும் இல்லை என்பது இங்கிலாந்தில் நெடுங்காலம் நெறியாக இருந்தது. 1965இல் தெற்கு லண்டனில் வேலியின் உடைந்த இடத்தால் புகுந்த ஆறு வயதுச் சிறுவன் மின்சாரத் தண்டவாளத்தில் கருகிக் கடுங்காயமடைந்தான். அந்த உடைப்பால் ஆட்கள் குறுக்கே போவதும் பிள்ளைகள் பாதையில் நிற்பதும் நிலையத்துக்குத் தெரிந்தே இருந்தது. 1972இல் பிரபுக்கள் சபை, அத்துமீறியவனிடத்திலும் உரிமையாளருக்குப் பொது மனிதாபிமானக் கடமை ஒன்று உண்டு என்று தீர்த்து, பிரிட்டிஷ் ரயில்வே வாரியத்தைப் பொறுப்பாக்கியது. இணைச்சட்ட நூல் இதே கடமையை வீட்டுக்காரனுக்கு வைத்திருந்தது: புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், இல்லையேல் எவராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும்.

வடக்கின் ரயில் பாதைகளில் இந்தச் சுவர் இன்னும் முழுதாகக் கட்டப்படவில்லை. 2021 மார்ச்சில் தலைமன்னாரில் தனியார் பஸ் ஒன்று கடவையில் ரயிலோடு மோதியதில் பள்ளி மாணவர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். பாதுகாப்பற்ற கடவைகளைக் காக்கப் பொலிஸாரின் கீழ் அமர்த்தப்பட்ட காவலாளிகளுக்குப் பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு 250 ரூபாவே கிடைத்தது. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பலமுறை போராடினர். உயிர் விலைமதிப்பற்றது என்று மேடையில் பேசும் சமூகம், அந்த உயிரைக் காக்கும் கைக்கு என்ன கூலி வைத்தது என்பதிலேயே அதன் அறம் அளக்கப்படும். நடப்பவருக்குப் புத்திமதி சொல்லும் உரிமை, கடவையைச் சரிசெய்த பிறகே முழுதாக வரும்.

இறுதியாக, இறந்தவரைப் பற்றிய தீர்ப்பு. தண்டவாளத்தில் ஒருவர் இறந்தால், தவறியதா வேண்டுமென்றா என்ற கேள்வி சவப்பெட்டிக்கு முன்பே ஊருக்குள் வந்துவிடும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தெரிந்தே தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்திருந்தது; 1983இன் புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடும் மன உளைச்சலும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அத்தகையோரின் மீட்பில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் கற்பிக்கிறது. கவனக்குறைவால் இறந்தவருக்கும் இது பொருந்தும். கடவுளைச் சோதிப்பது பாவம் என்பது உயிரோடு இருப்பவர் தம் அடுத்த அடியை எடுத்துவைக்குமுன் நினைக்கவேண்டியது. இறந்தவர்மேல் எறிவதற்கான கல் அன்று. அடக்கத் திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டில் இறந்தவருக்கும் குடும்பத்துக்கும் மன்றாடும் வழக்கம் எல்லாப் பங்குகளிலும் உண்டு. ரயிலை ஓட்டி வந்த சாரதிக்காகவும், அவர் எந்தச் சமயத்தவராயினும், அதே இடத்தில் ஒரு மன்றாட்டைச் சேர்க்க வழிபாட்டு ஒழுங்கில் எந்தத் தடையும் இல்லை.